டிசம்பர் லீவுல சின்னப் பிள்ளைங்களோட எந்த ஷோவுக்குப் போறது? டிக்கெட்டா, ஓசியா?

பொங்கோல் பூவிழி:
வணக்கம் மக்களே. மூத்தவளுக்கு நாலரை வயசு, சின்னவனுக்கு இன்னும் ரெண்டு முடியல. கிண்டர்கார்டன் லீவு விட்டாச்சு, திருச்சியிலேர்ந்து மாமியாரும் வந்திருக்காங்க, வீட்டுல நாள் பூரா டிவிதான் ஓடுது. கிறிஸ்மஸுக்கு முன்னாடி லைட்டு, பாட்டு, டான்ஸுன்னு சிங்கப்பூரே ஜேஜேன்னு இருக்கு, ஆனா எதுக்கு டிக்கெட், எது ஓசி, எங்க உக்கார எடம் இருக்கும்னு ஒண்ணும் விளங்க மாட்டேங்குது. மேடையில ஆளுங்க நெசமாவே பாடி ஆடுறத பிள்ளைங்க பாக்கணும், அதான் என் ஆசை. அத்தைக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க மாட்டாங்க. நாங்க கிறிஸ்டியன் இல்ல, ஆனா திருச்சி லூர்து மாதா கோயிலுக்கு வருஷா வருஷம் ஏசு பொறந்த காட்சிய பொம்மை வச்சுக் காட்டுற குடில் பாக்கப் போவாங்களாம், இங்கயும் அப்படி ஒண்ணு பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க வச்சிருக்கவங்க சொல்லுங்க, எது உருப்படி, எது சும்மா?

கோப்பி சி கோசோங்:
ஆர்ச்சர்ட் ரோடு லைட்டு ஓசி. 1984லேர்ந்து போடுறாங்க. டாங்ளின் மால் பக்கம் ஆரம்பிச்சு பிளாசா சிங்கப்பூரா வரைக்கும் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல வரும், நடந்தா அத்தை முட்டி அவ்ளோதான். டாங்ஸ் கடை வாசல் ஸ்டாப்புல டபுள் டெக்கர் ஏறுங்க, மேல முன் சீட்டு புடிங்க, டோபி காட்ல இறங்குங்க. ரோடு ஒன்வே, அதனால திசை குழப்பமும் இல்ல. இருட்டுனப்புறம் ஜாம் ஆகும் பாருங்க, மத்த நாளெல்லாம் திட்டுற ஜாம், அன்னைக்கு மட்டும் நல்லா ஆகட்டும்னு வேண்டிக்குவோம் லா.

பொங்கோல் பூவிழி:
அண்ணே ஸ்ட்ரோலர் இருக்கே, பஸ்ஸுல எப்படி?

கோப்பி சி கோசோங்:
2017லேர்ந்து பஸ்ஸுல ஸ்ட்ரோலர மடக்காமலே ஏத்தலாம்மா. ஆனா மாடிக்குக் கொண்டு போக முடியாது. வீட்டுக்காரர் பெரியவளோட மேல, நீங்க அத்தை, சின்னவன், வண்டியோட கீழ. கீழேயும் ஜன்னல் இருக்கு, என்ன, பக்கத்து பஸ்ஸு விளம்பரத்தையும் சேத்துப் பாக்கணும்.

கியாசு மாமி:
பஸ்ஸுல போனா லைட்டு மட்டும்தான், அவங்க கேட்டது ஆட்டம் பாட்டம். கார்டன்ஸ் பை த பேல கிறிஸ்மஸ் வொண்டர்லேண்ட் போங்கோ. 2014லேர்ந்து நடத்துறா, டிக்கெட் உண்டு, வார நாள்ல முதல் ஸ்லாட் வாங்கிடுங்கோ, வெள்ளி சனி பக்கமே போகாதீங்கோ. அங்க லூமினாரியேன்னு பிரம்மாண்டமா விளக்கு வளைவு கட்டுவா, தெற்கு இத்தாலியில புனிதர் திருவிழாவுக்குக் கட்டுற அதே வேலைப்பாடு, மரச் சட்டத்துல வரிசையா பல்பு பதிச்சது. நம்மூர் கோயில் திருவிழாவுல சீரியல் செட் போட்டு வாசல்ல சாமி உருவம் கட்டுவாளே, அப்படியே அத வெள்ளைக்காரன் கட்டினா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்கோ. உள்ள பாட்டுக்காரா நடந்துண்டே பாடுவா, ராட்டினம், விளையாட்டுக் கடை, நுரைப் பனி எல்லாம் உண்டு. பேஃப்ரண்ட் ஸ்டேஷன்லேர்ந்து பாதாள வழியிலயே போயிடலாம், மழை பயமும் பாதி குறையும்.

ஈசூன் அப்பா:
மாமி நீங்க சொல்றது ஒரு எடம், நான் சொல்றது பொதுவா. எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க, மூணு வயசு. டிக்கெட் வாங்கிட்டம்னா போட்ட காசுக்கு எல்லாத்தையும் பாத்தே தீரணும்னு ஒரு பேய் புடிச்சிக்குது, பிள்ளைங்க தூங்கி வழியுது, நம்ம இன்னும் ஒரு கியூ, இன்னும் ஒரு போட்டோன்னு இழுத்துக்கிட்டுத் திரியிறோம். போன வருஷம் வேற ஒரு எடத்துல, பேர் வேணாம், பனி பனின்னு கூட்டிட்டுப் போனா ஒண்ணு கண்ணக் கசக்கி அழுவுது, இன்னொண்ணு நாக்கை நீட்டிப் பாத்துட்டு "அப்பா ஷாம்பூ"ங்குது. ஓசி ஷோன்னா புடிக்கலன்னா பத்தே நிமிஷத்துல எந்திரிச்சு வந்து ஒரு மைலோ வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம். அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா ஓசிதான் லாபம், காசுக்காக சொல்லல, எந்திரிச்சு வர்றதுக்காக சொல்றேன்.

பொங்கோல் பூவிழி:
அந்தப் பனி நெசமாவே சோப்பா?? கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதா? சின்னவன் எதையும் வாயில வைக்காம விடமாட்டான்.

மேடைக்குப் பின்னால:
நான் மேடை வேலைக்காரன், சவுண்டு, சில நேரம் எஃபெக்ட்ஸும். பனி மெஷின்னா ஒரு தொட்டி, உள்ள பெரும்பகுதி தண்ணி, கொஞ்சம் சோப்பு மாதிரி நுரைக்கிற திரவம். பம்பு அத ஒரு துணி உறை மேல நனைச்சுக்கிட்டே இருக்கும், பின்னாலேர்ந்து ஃபேன் வேகமா ஊதும், காத்து அந்தத் துணியோட இடுக்கு வழியா வரும்போது நுரை துணுக்கு துணுக்கா பிஞ்சு பறக்கும். அவ்ளோதான் சங்கதி. மெஷினுக்கு நேர் கீழ நின்னீங்கன்னா கனமா, ஈரமா, கட்டியா விழும், கண்ணு எரியிறது பெரும்பாலும் அங்க நிக்கிறவங்களுக்குத்தான். பத்துப் பதினஞ்சு அடி தள்ளி, காத்து போற பக்கம் நில்லுங்க, லேசா மிதந்து வரும், தோள்ல உக்காந்து தானா கரைஞ்சிரும், பாக்கவும் அங்கதான் அழகு. வாயில வச்சா கசப்பு, துடைச்சு விட்டு தண்ணி குடுங்க, கண்ணுல பட்டா கழுவி விடுங்க. அதவிட முக்கியம் தரை. நுரை விழுந்த டைல்ஸ் சறுக்கும், பிள்ளைங்களுக்கு செருப்பு வேணாம், பிடிமானம் உள்ள ஷூ போட்டு விடுங்க. எங்க ஆளுங்க மாப்பு வச்சுக்கிட்டு ஓடுறத பாத்திருப்பீங்க.

அப்புறம் காது. பனிக்குப் பயப்படுறாங்க, ஸ்பீக்கருக்கு யாரும் பயப்பட மாட்டேங்குறாங்க. எங்க வேலையில எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்னு ஒரு வரம்பு இருக்கு, அது பெரியவங்களுக்குப் போட்ட கணக்கு. மால் மேடையில முன் வரிசை ஓரம், கறுப்புப் பெட்டிக்கு நேரா ஸ்ட்ரோலர நிறுத்திட்டு அம்மா போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருப்பாங்க, சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசையில உக்காந்துக்கிட்டு எனக்குத்தான் வயிறு எரியும். நடுவுல, கொஞ்சம் பின்னால, மிக்சர் மேசைக்குப் பக்கத்துல உக்காருங்க, சத்தம் அங்கதான் சரியா இருக்கும், ஏன்னா அங்க உக்காந்துதான் நாங்க அளவு வைக்கிறோம். சின்னவனுக்கு சத்தம் குறைக்கிற காது மஃப் ஒண்ணு வாங்கிருங்க.

இன்னொரு விசயம், யாரும் சொல்ல மாட்டாங்க. ஷோ ஏழு மணின்னா சவுண்ட் செக் நாலு, அஞ்சு வாக்குல நடக்கும். மால் மேடைன்னா தடுப்பு ஒண்ணும் இருக்காது, சும்மா நின்னு பாக்கலாம். டிரம்ஸ்காரர் ஒவ்வொரு டிரம்மா தட்டிக் காட்டுவாரு, பாடுறவங்க ஒரே வரியை திரும்பத் திரும்பப் பாடுவாங்க, டான்ஸ் ஆடுறவங்க எங்க நிக்கணும்னு தரையில டேப் ஒட்டுவாங்க. கூட்டமே இருக்காது. நாலரை வயசுப் பிள்ளைக்கு ஷோவ விட அதான் சுவாரசியம்.

கோப்பி சி கோசோங்:
அண்ணே இது தெரியாம நான் இத்தனை வருஷமா டிஷ்யூ பேக்கெட் வச்சு ச்சோப் பண்ணி எடம் புடிச்சுக்கிட்டிருக்கேன்.

பழைய ஆர்ச்சர்ட் ஆளு:
டிஷ்யூ வைக்கிறது சாப்பாட்டுக் கடைக்கு, தம்பி. தரையில உக்கார்ற ஷோவுக்கும் வைக்கிறீங்களா? எங்க காலத்துல அப்பா தோள்தான் முன் சீட்டு. நானெல்லாம் லைட்டு போட ஆரம்பிச்ச புதுசுல அப்படித்தான் பாத்தேன். இப்ப என் பேரன் என் தோள்ல ஏறுறதுக்கு முன்னாடி "தாத்தா உங்களுக்கு ஓக்கேவா"ன்னு கேக்குறான்.

பூவிழிம்மா, வடகிழக்குப் பருவக்காத்து மழை டிசம்பர்ல வெளுத்து வாங்கும், அதுவும் சாயங்கால வேளையில. வெளி மேடையை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க. எஸ்பிளனேட் கலை அரங்கத்துக்குப் போங்க. 2002ல திறந்ததுலேர்ந்து உள்ள கூடத்துலயும் கடல் பக்கத்து வெளி மேடையிலயும் வருஷம் பூரா ஓசி நிகழ்ச்சி நடக்குது. மழை வந்தா கூடத்துக்கு, வரலன்னா வெளிய. ஏர்கான் உண்டு, கழிப்பறை பக்கம், முட்டி வலிக்கு லிஃப்ட் இருக்கு. முடிஞ்சதும் அப்படியே படித்துறையில நின்னு எதிர்க்க மெரினா பே சாண்ட்ஸ் தண்ணி லைட் ஷோவ தூரத்துலேர்ந்து பாக்கலாம், பதினஞ்சே நிமிஷம், அதுக்கும் காசு இல்ல.

மேடைக்குப் பின்னால:
மழையை விட மின்னல். வெளி மேடையில கேட் ஒன்னு, அதான் கேட்டகரி 1 மின்னல் எச்சரிக்கை, வந்துட்டா பாட்டு பாதியில இருந்தாலும் நிறுத்திருவோம், கெஞ்சுனாலும் ஓட மாட்டோம். போன்ல வானிலை ஆப்ல பாத்துட்டுக் கிளம்புங்க.

கியாசு மாமி:
டிக்கெட் ஷோவே வேண்டாம்னு அடிச்சு விடாதீங்கோ எல்லாரும். நாடகம்னு ஒண்ணு இருக்கோல்லியோ. வருஷக் கடைசியில பான்டோமைம் போடுவா, வைல்ட் ரைஸ் குழுவோடது பேர் போனது, 2019லேர்ந்து ஃபூனான் மால்லயே அவாளுக்கு சொந்த அரங்கு இருக்கு. ஆம்பளை பெரிய கொண்டை வச்சுண்டு பொம்பளை வேஷம் கட்டுவான், வில்லன் பின்னாலேர்ந்து பதுங்கி வருவான், அரங்கு பூரா பிள்ளைங்க "பின்னால! பின்னால!"ன்னு கத்தணும், அதான் அந்த ஆட்டத்தோட முறையே. என் பெரியவன் தொண்டை கட்டிண்டு வந்தான். ஆனா எந்த ஷோவா இருந்தாலும் டிக்கெட் விக்கிற சிஸ்டிக் தளத்துல வயசு வரம்பு பாத்துட்டு வாங்குங்கோ. கச்சேரி ஹால்ல பல கச்சேரிக்கு ஆறு வயசுக்குக் கீழ விடமாட்டா, வாசல்ல நின்னுண்டு சண்டை போட்டா எடுபடாது.

ஈசூன் அப்பா:
கத்தலாம்னு சொல்ற ஷோன்னா நான் டிக்கெட் வாங்குவேன் மாமி. என் வீட்டுல அது ஓசியிலயே நடக்குது.

ஓஃபிர் ரோடு கொயர்:
பூவிழி, அத்தைக்குக் குடில் பாக்கணும்னு சொன்னீங்களே, ஓஃபிர் ரோட்ல எங்க லூர்து மாதா ஆலயம் இருக்கு. 1888ல தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டுனது, பிரான்ஸ் லூர்து கோயிலோட சாயல்ல, 2005லேர்ந்து தேசிய நினைவுச் சின்னம். ரோச்சோர் ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்ச தூரம்தான். திருச்சி லூர்து மாதாவைப் பாத்தவங்களுக்கு இங்க வந்தா மனசு நெறஞ்சிரும். யார் வேணாலும் வரலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, பூசை நடக்கும்போது மட்டும் பிள்ளைங்க குடில் பக்கம் ஓடாம பாத்துக்கோங்க.

ஷோன்னு சொல்ல மாட்டேன், ஆனா நெசமான பாட்டு வேணும்னா எங்க கொயர், அதான் கோயில் பாட்டுக் குழு, போற கேரல் ரவுண்ட்ஸ விட வேற என்ன இருக்கு? டிசம்பர்ல ராத்திரி ராத்திரி வீடு வீடாப் போவோம், டோலக், கிடார், ஒரு டாம்பரின், எங்க பையன் ஒருத்தன் தலையணை கட்டிக்கிட்டு கிறிஸ்மஸ் தாத்தா. எச்டிபி அடுக்குமாடி ப்ளாக் காரிடார்ல பாடுனா நாலு வீட்டுக் கதவு திறக்கும், மலாய் வீட்டுப் பாட்டி சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க, சீன வீட்டுப் பிள்ளைங்க மிட்டாய்க்கு ஓடி வரும். லேட் ஆனா யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்கன்னு பத்து மணிக்குள்ள முடிச்சிருவோம். உங்க ப்ளாக்ல தெரிஞ்ச கிறிஸ்டியன் குடும்பம் இருந்தா என்னைக்கு அவங்க வீட்டுக்குக் கொயர் வருதுன்னு கேளுங்க, கண்டிப்பா கூப்பிடுவாங்க. கட்லெட்டும் ஃப்ரூட் கேக்கும் கியாரண்டி.

பொங்கோல் பூவிழி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போயிட்டு வந்தாச்சு, எப்படி இருந்துச்சுன்னு இதோ எழுதுறேன். மேடைக்காரண்ணே சொன்ன மாதிரி ஒரு மாலுக்கு மத்தியானமே போயிட்டோம், சவுண்ட் செக் நடந்துக்கிட்டிருந்துச்சு, ஒரு ஈ காக்கா இல்ல. மேடைக்குப் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில மான் வேஷம் போட்ட ஒரு பொண்ணு, மான் தலையக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு பொட்டலத்துலேர்ந்து சிக்கன் ரைஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க, நெத்தியெல்லாம் வேர்வை, முடி ஒட்டிப் போயிருந்துச்சு, கழுத்துல ஒரு குட்டி ஃபேன். எங்க மூத்தவ அப்படியே நின்னுட்டா. அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு மான் கையாலயே டாட்டா காட்டுனாங்க. நான் இவ அழப் போறான்னு நினைச்சேன், ஆனா அவ ஒண்ணும் பேசாம போய் உக்காந்துட்டு, ஷோ ஆரம்பிச்சு அந்த மான் வந்தவுடனே எந்திரிச்சு நின்னு "அக்கா! சிக்கன் ரைஸ் அக்கா!"ன்னு கத்துனா பாருங்க, சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. ஷோ பூரா வேற எதையும் பாக்கல, அந்த மான மட்டும்தான். அத்தை மிக்சர் மேசை பக்கத்துல உக்காந்து ஆனந்தமா கை தட்டிக்கிட்டிருந்தாங்க. சின்னவன் கிறிஸ்மஸ் தாத்தாவப் பாத்து அலறுனான், காது மஃப் போட்டிருந்ததால அவன் அலறுனது அவனுக்கே கேக்கல போல, நிறுத்தவே இல்ல.

கியாசு மாமி:
அடடா, மான் வேஷத்தக் கலைச்சுட்டேளே! நாலரை வயசுல குழந்தை நம்பட்டுமேன்னு விடக்கூடாதோ? என் பிள்ளை ஒம்பது வயசு வரைக்கும் தாத்தா வருவார்னு சாக்ஸ் தொங்க விட்டான்.

ஈசூன் அப்பா:
என்ன கலைஞ்சு போச்சு மாமி? அந்தப் பொண்ணு மான்னு தெரிஞ்சப்புறம்தான அவ எந்திரிச்சுக் கத்துனா. தெரியாம இருந்திருந்தா பத்தோட பதினொண்ணா ஒரு மான் வந்து ஆடிட்டுப் போயிருக்கும். ஸ்கிரீன்ல பாக்குறதுக்கும் நேர்ல பாக்குறதுக்கும் வித்தியாசமே அதான், உள்ள ஒரு ஆள் இருக்கு, வேர்க்குது, பசிக்குது, அப்புறம் நமக்காக எந்திரிச்சு வந்து ஆடுது.

கியாசு மாமி:
உங்க பிள்ளைகளுக்கு மேஜிக் ஷோ காட்டினா முதல்ல ட்ரிக்கைச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் காட்டுவேளோ? எல்லாக் குழந்தையும் பூவிழி பொண்ணு மாதிரி இருக்காது. என் சின்னவளா இருந்தா அந்த மான் தலையை மடியில பாத்ததுக்கு ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டா.

மேடைக்குப் பின்னால:
மாமி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. தலையைக் கழட்டுனா ஜனங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் எங்க ரூல், அந்த மால்ல பின்னால ரூம் இல்ல போல. அந்த உடுப்புக்குள்ள சூடு தாங்காது, கண்ணுக்கு முன்னால ஒரு கை அகல வலைதான், அது வழியாத்தான் படிக்கட்டையும் பாக்கணும், பிள்ளைங்களையும் பாக்கணும். நாங்க இருபது நிமிஷத்துக்கு மேல உள்ள விட மாட்டோம். ஒவ்வொரு மானுக்கும் கூடவே ஒரு ஆள் நடந்து வருவாரு பாருங்க, வேஷம் இல்லாம, கறுப்பு டிசர்ட்ல, அவருதான் அந்த மானுக்குக் கண்ணு. நின்னு போட்டோ எடுக்கும்போது பின்னாலேர்ந்து வாலைப் புடிச்சு இழுக்காம பாத்துக்கச் சொல்லுங்க பிள்ளைங்கள, அது ஒண்ணு போதும். பேர் சொல்லிக் கூப்பிட்டா அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குச் சம்பளத்த விட சந்தோஷமா இருந்திருக்கும்.

பழைய ஆர்ச்சர்ட் ஆளு:
சிக்கன் ரைஸ் அக்கான்னு பேரா லா அது!

பொங்கோல் பூவிழி:
மாமி கோவிச்சுக்காதீங்க, பனி பாக்க உங்க வொண்டர்லேண்டுக்கு வார நாள் முதல் ஸ்லாட்டுதான் வாங்கியிருக்கேன். மெஷினுக்குக் கீழ நிக்க மாட்டோம். கொயர் அக்கா, 24ஆம் தேதி ராத்திரி குடில் பாக்க வரலாம்னு அத்தை சொல்றாங்க, கூட்டம் எப்படி இருக்கும்?

ஓஃபிர் ரோடு கொயர்:
நடுராத்திரிப் பூசைக்கு ரோடு வரைக்கும் கூட்டம் நிக்கும்மா, ரெண்டு வயசுப் பிள்ளையோடயும் முட்டி வலியோடயும் வேணாம். அதுக்கு முன்னாடி பகல்ல வந்தா குடில் கட்டி முடிச்சிருப்போம், ஆனா தொட்டில்ல குழந்தை ஏசு இருக்க மாட்டாரு, அந்த ராத்திரிப் பூசையிலதான் கொண்டு வந்து வைப்பாங்க. கிறிஸ்மஸ் முடிஞ்சு ஒரு வார நாள்ல வாங்க, ஜனவரியில மூணு ராஜாக்கள் திருவிழா வரைக்கும் குடில் அப்படியே இருக்கும். அத்தை ஆற அமர உக்காந்து பாக்கலாம். தமிழ்ப் பூசை நேரம் வாசல் போர்டுல இருக்கும். வர்ற அன்னைக்கு இங்க ஒரு வரி போடுங்க, நான் பக்கத்துல இருந்தா வந்து பாக்குறேன்.

கோப்பி சி கோசோங்:
வரும்போது தேக்கா, அதான் லிட்டில் இந்தியா, பக்கம்தான, எனக்கும் ஒரு கட்லெட் எடுத்து வைங்க.